முன்சக்கரத்தின் இரண்டு பேரிங்

எங்கள் ரப்பர் தோட்டத்தில் கூலிக்காரர்களின் வீட்டு வரிசையான லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போட்ட வருஷத்தில்தான் நான் சிங்கப்பூரில் காலேஜ் முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். பெட்டியில் ஒரு சர்டிபிகேட், தலையில் அரை டின் கிரீம், வாயில் தேவைக்கு மேல் இங்கிலீஷ். வேலிக்கு ஒரே ஒரு கேட். காலை ஆறுக்குத் திறப்பார்கள், மாலை ஆறுக்குச் சாத்துவார்கள். ஆறு மணிக்கு ஒரு நிமிஷம் பிந்தி வெளியே நிற்கிறவன், காவலில் இருக்கும் மாத்தா-மாத்தா போலீஸ்காரரின் கணக்கில் காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்ட்டுகளின் ஆள். சர்டிபிகேட்டை ஆட்டிக் காட்டலாம். துப்பாக்கிக்கு இங்கிலீஷ் தெரியாது.

எனக்கு மலாக்கா டவுனில் தற்காலிக வாத்தியார் வேலை கிடைத்திருந்தது. பள்ளிக்கூடம் விட நாலரை ஆகும். ஐந்து மணி பஸ்ஸில் ஏறினால் வழியில் இரண்டு இடத்தில் போலீஸ் தடை. எல்லாரையும் இறக்குவார்கள், அடையாளக் கார்டு பார்ப்பார்கள், கிழவிகளின் பையைக்கூடக் குடைந்து காட்டுக்குக் கடத்தும் அரிசி இருக்கிறதா என்று தேடுவார்கள். அதெல்லாம் முடிந்து ஜங்ஷனில் இறங்கி, தோட்டத்து மண்ரோட்டில் இரண்டு மைல் நடந்தால் ஏழு மணி. மோட்டார் சைக்கிள்காரனுக்கு அந்தத் தொல்லை இல்லை. கார்டைக் காட்டு, போய்க்கொண்டே இரு. ஐந்தே காலுக்கெல்லாம் லயத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பேன்.

டவுனில் அறை எடுத்துத் தங்க முடியாதா என்று கேட்பீர்கள். கார்டில் இருக்கும் விலாசத்தை மாற்றப் போலீஸில் மனுப் போட்டுக் காத்துக் கிடக்க வேண்டும். தற்காலிக வாத்தியாருக்கு யாரும் அறை தரவும் மாட்டார்கள். ஆக, வண்டி ஓடினால்தான் வேலை. அவ்வளவுதான் கதை.

வண்டி, சண்டைக்கு முந்தின இங்கிலீஷ் மோட்டார் சைக்கிள். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் ஜப்பான்காரன் காலம் முழுக்க அதை விறகுக்கு அடியில் மறைத்து வைத்திருந்தார். அவர் வேலையை விட்டுப் போகும்போது நான் வாங்கினேன். அதைச் செய்த கம்பெனியே இப்போது அந்த மாடல் செய்வதில்லை. ஒரு ஆணி போனாலும் ஊரெல்லாம் அலைய வேண்டும்.

அலைய வேண்டாம், நான் இருக்கிறேன் என்று சொன்னவன் என் கூட்டாளி. எங்கள் வீட்டுக்கு இரண்டு கதவு தள்ளி அவன் வீடு. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. ஆறாவதோடு அவன் என்ஜின் ரூமுக்குப் போனான், நான் டவுனுக்குப் படிக்கப் போனேன். இப்போது அவன் அங்கே மெஷின் ரிப்பேர் பார்க்கும் பிட்டர். சனிக்கிழமை ஆனால் என் வண்டியைப் பிரித்துப் போட்டுவிட்டுத்தான் அவனுக்குச் சாப்பாடு இறங்கும்.

முதல் தடவை முன்சக்கரத்தைக் கழற்றியபோது உள்ளே இருந்த இரண்டு பேரிங்கையும் மண்ணெண்ணெயில் கழுவி என் உள்ளங்கையில் வைத்தான். ஓரத்தில் 741 என்று பொடியாக வெட்டியிருந்தது. விடுவேனா? காலேஜில் ஒரு மலாய்க்காரக் கூட்டாளியின் அப்பா சாமான் கடை வைத்திருந்தார். அங்கே கேட்டதையெல்லாம் எடுத்துவிட்டேன்.

"இது வண்டி நம்பர் இல்லடா. சைஸ் நம்பர். இதே நம்பர் எந்த மெஷின்ல இருந்தாலும் இதுல அப்படியே உக்காரும். மோட்டார் சைக்கிளா இருக்கட்டும், அரிசி மில்லா இருக்கட்டும்."

"எந்த மெஷின்ல இருந்தாலுமா?"

"எந்த மெஷினா இருந்தாலும்."

"அட, இத்தன வருசமா எனக்கு யாரும் சொல்லல மச்சான். நான் மெஷினு பேர வச்சுத்தான் தேடிக்கிட்டு இருந்தேன்."

நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். அவன் பேரிங்கை வெளிச்சத்தில் பிடித்து அந்த மூன்று எண்ணையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். அப்போது அது எனக்கு மரியாதையாகப் பட்டது.

இரண்டு மாதம் கழித்து லயத்துத் தண்ணீர் பம்ப் நின்றுபோனது. வேலி போடுவதற்கு முன்னால் பம்ப் நின்றால் யாரும் கவலைப்பட மாட்டார்கள், ஆறு இருந்தது. இப்போது ஆறு வேலிக்கு வெளியே. காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம், மாத்தா-மாத்தா இரண்டு பேர் துப்பாக்கியோடு கூட வர, பெண்கள் வரிசையாகப் போய் வாளியில் மொண்டு வந்தார்கள். பிள்ளைக்குக் கழுவ, கஞ்சி வைக்க, குளிக்க எல்லாவற்றுக்கும் அதுதான். மூன்றாம் நாள் தண்ணீருக்காக இரண்டு வீட்டாருக்குள் அடிதடி.

அந்தச் சனிக்கிழமை அவன் என்னிடம் வந்தான்.

"மச்சான், வண்டிய உட்டுட்டுப் போ. முன்சக்கரத்துல லேசா சத்தம் வருது. கிரீஸ் மாத்திர்றேன்."

"உனக்கு பம்ப் வேல இல்லையா?"

"அதுவும் பாக்கணும்லா. நீ போய்த் தூங்கு, மூஞ்சியப் பாரு, வாத்தியார் மாதிரியா இருக்கு?"

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குழாயில் தண்ணீர் வந்தது. லயமே சத்தம் போட்டது. பழைய பேரிங்கை அவனே தட்டிச் சரிசெய்து ஓட்டிவிட்டான் என்றார்கள். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை காரை நிறுத்தி அவன் தோளில் தட்டினார். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு குழாயடியைச் சுற்றி ஒரு சுற்று வந்தேன். நான். என் தோளில்.

வியாழக்கிழமை மாலை, டவுனைத் தாண்டி நாலு மைலில் என் முன்சக்கரம் கிறீச்சிட்டது. ஹேண்டில் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட, வண்டி பள்ளத்தைப் பார்த்துப் போனது. ஒரு ரப்பர் லோரிக்காரர் வண்டியையும் என்னையும் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்து, ஆறுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கேட்டில் இறக்கிவிட்டார்.

கூட்டாளி சக்கரத்தைக் கழற்றினான். பேரிங்கைச் சுழற்றினான். கல்லை மென்ற மாதிரி ஒரு சத்தம்.

"போச்சு மச்சான். ரெண்டும் போச்சு. பழசுலா, எத்தன காலம் தாங்கும்?"

ஒன்றை நன்றாகக் கழுவித் துடைத்து, என் கைக்குட்டையிலேயே சுற்றிக் கொடுத்தான். "இதக் காட்டித் தேடுவோம். நானும் வர்றேன். தனியா எங்க அலைவ?"

மறுநாளிலிருந்து நான் பஸ். ஆறு மணிக்குள் கேட்டுக்கு வர வேண்டுமானால் மூன்றரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அதாவது கடைசிப் பாடம் அம்போ. பெரிய வாத்தியார் நான்கு நாள் பார்த்தார். ஐந்தாம் நாள் கூப்பிட்டார்.

"தம்பி, கடைசிப் பீரியட்ல புள்ளைங்க சும்மா உக்காந்திருக்கு. மத்த வாத்தியாருங்க என்னைய கேக்குறாங்க."

"வண்டி பேரிங் சார். கெடச்சதும்..."

"மாச முடிவு வரைக்கும் பாக்குறேன். அதுக்கப்புறம் வேற ஆளு போட்டுருவேன். மனசுல வச்சுக்காதீங்க."

ஆக, பேரிங் தேட எனக்கு நாலு ஞாயிற்றுக்கிழமை இருந்தது.

முதல் ஞாயிறு மலாக்கா டவுன். ஆற்றோரத்துச் சீனக் கடைகள் பாதி சாத்தியிருந்தன. திறந்திருந்த கடைகளில் கைக்குட்டையை அவிழ்த்துக் காட்டினோம். ஒரு கடைக்காரத் தவ்கே பார்த்துவிட்டு, உங்கள் தாத்தாவின் தாத்தா வண்டியா என்று கேட்டுச் சிரித்தான். என்னை விட என் கூட்டாளிதான் அவனோடு சண்டைக்குப் போனான். "சிரிக்கிறதுக்கா வந்தோம்? இல்லனா இல்லன்னு சொல்லுலா!"

இரண்டாவது ஞாயிறு செங் பக்கம், கம்பம் என்கிற மலாய்க் கிராமத்தில் ஓடாமல் கிடந்த ஓர் அரிசி மில். மில்லுக்குச் சொந்தக்கார மலாய்க்காரர் நல்ல மனுஷன், எதையும் பிரித்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். கூட்டாளி சட்டையைக் கழற்றிவிட்டு எலிப் புழுக்கைக்கு நடுவே படுத்து நாலு பேரிங்கை எடுத்தான். ஒன்றுகூட 741 இல்லை. முழங்கை கிழிந்து ரத்தம் வந்தது. நான் என் கைக்குட்டையில் ஓர் ஓரத்தைக் கிழித்துக் கட்டிவிட்டேன்.

மூன்றாவது ஞாயிறு உம்பாய். அங்கே ஒரு மீன்காரர் ஜப்பான்காரன் விட்டுப்போன மோட்டார் சைக்கிளின் இரண்டு சக்கரத்தையும் மீன் வண்டியில் மாட்டி ஓட்டுகிறார் என்று பஸ் கண்டக்டர் சொல்லியிருந்தார். உண்மைதான். தள்ளுவண்டிக்கு மோட்டார் சைக்கிள் சக்கரம், பார்க்கக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது. கெஞ்சிக் கூத்தாடிக் கழற்றினோம். உப்பும் செதிலுமாக இருந்ததை நான் துணியால் துடைத்தேன், அவன் குனிந்து படித்தான்.

"ஏழு... நாலு..."

நான் துணியைக் கீழே போட்டேன்.

"ரெண்டு."

742. கொஞ்சம் பெரிசு. உட்காராது. அவன் தலையில் கை வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தான். "ஒரே ஒரு நம்பர்ல போச்சே மச்சான்!" என்றான். அவன் முகத்தில் இருந்த வருத்தத்தை இன்னும் மறக்கவில்லை. அன்றைக்கு நான்தான் அவனைத் தேற்றினேன். கரையில் சுட்ட மீன் வாங்கி, முள் இல்லாத பக்கத்தை அவன் பக்கம் திருப்பி வைத்தேன். திரும்பும்போது கேட்டில் மாத்தா-மாத்தா எங்கள் கிரீஸ் டின்னுக்குள் குச்சி விட்டுக் கிளறிப் பார்த்தார், உள்ளே அரிசி ஒளித்திருக்கிறோமா என்று. "கிரீஸ்ல சோறு ஆக்கித் தின்ற அளவுக்கு நாங்க இன்னும் எறங்கல" என்று கூட்டாளி மலாயில் சொல்ல, அவரும் சிரித்துவிட்டார்.

நான்காவது ஞாயிறு அவன் வரவில்லை. பம்ப் டியூட்டி என்றான். நான் மட்டும் மறுபடியும் டவுனுக்குப் போய், முதல் ஞாயிறு சாத்தியிருந்த கடைகளில் ஏறி இறங்கினேன். கடைசியாக ஒரு சந்துக் கடை. ஒரு சீன அம்மா, மடியில் பூனை, கொண்டையில் ஊசி. பேரிங்கை வாங்கிக் காதுக்குப் பக்கத்தில் வைத்துச் சுழற்றினாள். முகத்தைச் சுளித்தாள். கொண்டை ஊசியை உருவிக் குண்டுகளின் நடுவே விட்டுச் சுரண்டி எடுத்து, ஊசி முனையை என் மூக்குக்கு நேராக நீட்டினாள். சிவப்புத் துருச் சேறு. பிறகு குண்டுகளைப் பிடித்திருந்த பித்தளை வளையத்தைக் காட்டினாள். இடுக்கில் பச்சை பூத்திருந்தது.

"இனி மோட்டோ புன்யா புக்கான். பம்ப் ஆயேர் புன்யா."

இது மோட்டார் சைக்கிளோடது இல்லை, தண்ணீர் பம்போடது என்கிறாள்.

என் வண்டிச் சக்கரத்திலிருந்துதான் கழற்றினோம் என்று சொன்னேன். அவள் அலமாரியிலிருந்து இரண்டு பழைய பேரிங்கை எடுத்து வைத்தாள். ஒன்று சக்கரத்தில் தேய்ந்தது. கரியும் தூசியும் கலந்து கன்னங்கரேல் என்று இருந்தது. இன்னொன்று பம்பில் கெட்டது. சிவப்புத் துரு, பித்தளையில் பச்சை. என்னுடையதை இரண்டாவதின் பக்கத்தில் வைத்தாள். அண்ணன் தம்பி மாதிரி இருந்தன. பூனை வந்து முகர்ந்து பார்த்துவிட்டுப் போனது.

அந்தக் கடையில் ஒரு ஸ்டூல் இருந்தது. அதில் எவ்வளவு நேரம் உட்கார்ந்தேன் என்று தெரியாது. சனிக்கிழமை கிரீஸ், ஞாயிறு தண்ணீர், வியாழன் சத்தம். மூன்றும் வரிசையாக வந்து நின்றன. எந்த மெஷினா இருந்தாலும் உக்காரும் என்று சொல்லிக் கொடுத்த மகாமேதை யார்? நான்தான்.

பஸ் இறங்கி நேராகப் பம்ப் வீட்டுக்குப் போனேன். பம்ப் வெண்ணெய் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. ஓடாதா பின்னே? அவன் ஸ்டூலில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தான். நான் கைக்குட்டையை அவன் மடியில் போட்டேன்.

"இது யாரோடது?"

அவன் அவிழ்க்கவே இல்லை.

"யாரு சொன்னா?"

"பூன சொல்லிச்சு. யாரோடதுடா?"

"பம்போடது." பீடியை அணைத்தான். "உன்னோடது உள்ள ஓடுது."

"எங்கிட்ட கேக்க வேண்டியதுதான?"

"கேட்டா குடுத்திருப்பியா?"

இதற்கு நான் உடனே பதில் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. அந்த ஒரு நொடியை அவன் பிடித்துக்கொண்டான்.

"பாத்தியா. நீ டவுனுக்குப் போறவன் மச்சான். உனக்கு இந்த வேல இல்லன்னா இன்னொன்னு. இங்க பச்சப் புள்ளைங்க இருக்கு. துப்பாக்கி வச்சுக்கிட்டு தண்ணி மொள்ளுற பொழப்பா?"

"சரி. எடுத்த. அப்புறம் மூணு ஞாயித்துக்கெழம எங்கூட எதுக்குடா வந்த? மில்லுல எதுக்குடா படுத்த?"

"கெடச்சா உனக்குப் போட்டுரலாமுன்னுதான். நெசமாத்தான் தேடுனேன்."

அது உண்மையாகவும் இருக்கலாம். அதனால்தான் அவனை அடிக்கக் கை வரவில்லை.

"சிங்கப்பூருக்கு ஆர்டர் போயிருக்கு" என்றான். "ஆபீஸ்லேர்ந்து எழுதியிருக்காங்க. பம்புக்குப் புதுசு ரெண்டு. எந்நேரமும் வந்துரும். வந்ததும் உன்னோடத கழட்டி நானே மாட்டித் தர்றேன். எங்கம்மா மேல சத்தியம்."

வீட்டுக்குப் போனால் அம்மா குழாயடியிலிருந்து வாளியோடு வந்துகொண்டிருந்தார். காலையில் பால்மரம் வெட்டிவிட்டு வந்த கை, இன்னும் ரப்பர் நாற்றம். நடந்ததைச் சொன்னேன். அம்மா வாளியை இறக்கி வைத்தார்.

"தெரியும்டா."

"என்னம்மா தெரியும்?"

"கொழாயடியில எல்லாத்துக்கும் தெரியும். நீ சண்டைக்குப் போயிருவன்னு சொல்ல வேணாம்னான். அவன் உனக்கு வேற வாங்கித் தந்துருவான்னுதான்..." வாளியைத் திரும்பத் தூக்கினார். "தண்ணி வேணும்ல."

ஆக, நான் அவனைத் தோளில் தூக்கிச் சுற்றியபோது கை தட்டிய பாதிப் பேருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. சிரித்திருப்பார்களோ? அதைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அன்றைக்கு அந்தத் தண்ணீரில் குளிக்கவும் மனசு வரவில்லை. ஆனால் குளித்தேன். வேறு தண்ணீர் ஏது?

ஒரு ஸ்பேனரோடு போய் என்னுடையதைக் கழற்றிக்கொண்டு வந்திருக்கலாம். இரண்டு தடவை பம்ப் வீட்டு வாசல் வரை போனேன். இரண்டு தடவையும் குழாயடியில் வரிசை நின்றது. திரும்பி வந்துவிட்டேன். பெரிய தியாகி என்று நினைக்க வேண்டாம். அவன் சத்தியத்தை நம்பினேன், அவ்வளவுதான். பெரிய வாத்தியாரிடம் சிங்கப்பூர் ஆர்டரைச் சொல்லி இன்னும் இரண்டு வாரம் கேட்டேன். கொடுத்தார். ஒவ்வொரு நாளும் கூட்டாளியிடம் "வந்துச்சா?" என்பேன். "கப்பல் லேட்டு மச்சான்" என்பான், "ரோட்டுல லோரிய நிறுத்திட்டாங்களாம்" என்பான். இரண்டு வாரம் முடிந்த திங்கட்கிழமை என் வகுப்பில் வேறு ஒருவர் போர்டில் எழுதிக்கொண்டிருந்தார். டவுன் பையன். சைக்கிளில் வருகிறவன்.

அடுத்த மாதம் வேலிக்கு வெளியே இருந்த தோட்டத்து ஆபீஸில் சின்னக் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை காலியானது. டைப் தெரியுமா என்று துரை கேட்டார். காலேஜில் கற்ற ஒரே உருப்படியான வித்தை அதுதான். உட்கார்ந்தேன்.

முதல் வாரமே பழைய கடிதங்களை அடுக்கச் சொன்னார்கள். பம்ப் பைலைத் தேடி எடுத்தேன். சிங்கப்பூர் ஆர்டரின் கார்பன் காப்பி இருந்தது. பம்ப் நின்ற மறுநாளே எழுதியிருக்கிறார்கள். பேரிங் இரண்டு. அவன் சொன்னது பொய் இல்லை என்று ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். அதற்கு அடியில் இன்னொரு காப்பி. தண்ணீர் வந்ததற்கு மறுநாள், திங்கட்கிழமை தேதி. ஆர்டர் ரத்து. பிட்டர் பழைய பேரிங்கைத் தன் கையாலேயே சரிசெய்துவிட்டதாகத் தெரிவிக்கிறார், புதியது தேவையில்லை. கீழே துரையின் கையெழுத்தில் ஒரு வரி: இவரை ஹெட் பிட்டராக்கவும்.

என் வண்டி வழியில் நிற்பதற்கு மூன்று நாள் முன்னாலேயே அந்த ஆர்டர் செத்துவிட்டது. மில்லில் அவன் படுத்தபோது இல்லை. உம்பாய் மணலில் தலையில் கை வைத்தபோது இல்லை. அம்மா மேல் சத்தியம் செய்தபோதும் இல்லை. புதியது வேண்டும் என்றால் பழையதை அவன் சரிசெய்யவே இல்லை என்று துரைக்குத் தெரிந்துவிடும், ஹெட் பிட்டர் வேலையும் கிடைக்காது. லயத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்று எடுத்தான், சரி. ஆர்டரை நிறுத்தியது எந்தப் பச்சைப் பிள்ளைக்காக?

துரையிடம் காட்டியிருந்தால் அவன் வேலை அன்றைக்கே போயிருக்கும். பைல் இரண்டு நாள் என் மேஜை மேல் கிடந்தது. மூன்றாம் நாள் நான் ஒரு புது மனுவை மெஷினில் மாட்டினேன். பேரிங், நம்பர் 741, இரண்டு. நம்பரை எங்கேயும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஸ்டோர் மனுவில் காரணம் எழுத ஓர் இடம் உண்டு. கேட்கிறவன் சொல்ல வேண்டும், அடியில் அவன் கையெழுத்து. ஆள் அனுப்பி அவனைக் கூப்பிட்டேன்.

ஐந்தே முக்காலுக்கு வந்தான். புதுக் காக்கிச் சட்டை. கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றான்.

"என்னா கிராணி, ஆள் உட்டுக் கூப்புடுற? பெரிய ஆளாயிட்ட லா."

நான் தாளைக் காட்டி நம்பரைத் தொட்டேன். அவனுக்கு இங்கிலீஷ் தெரியாது, எண் தெரியும். பிறகு பைலைத் திறந்து ரத்துக் காப்பியைப் பக்கத்தில் வைத்தேன். அதிலும் அதே எண். தேதியும் எண்தானே. அதைப் படித்தான். காது மடல் சிவந்தது.

"தொரைக்குத் தெரியுமா?"

"இன்னும் தெரியாது. பம்புக்குப் பேரிங் வேணும்னு நீயே கேக்குற. காரணம் போடணும். சொல்லு, அடிக்கிறேன்."

"நீயே எதாச்சும் போடேன் மச்சான்."

"நீதான் சொல்லணும். ரூல்ஸ்."

விரல்களைச் சாவி மேல் வைத்துக் காத்திருந்தேன். இப்போதாவது சொல்லுவான் என்று நினைத்தேன். மனுவில் போடக்கூட வேண்டாம், எனக்கு மட்டும் சொன்னால் போதும். அவன் கதவைப் பார்த்தான், துரையின் அறையைப் பார்த்தான், என் கையைப் பார்த்தான்.

"தேஞ்சு போச்சுன்னு போடு."

சொன்னதை அப்படியே அடித்தேன். உருவிக் கொடுத்தேன். குனிந்து கையெழுத்துப் போட்டான். ஆறாவது வரை என் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிய அதே கோணல் எழுத்து.

பேனாவை வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தான். "கேட் சாத்த நேரமாச்சு மச்சான். வர்றியா, சேந்து போவோம்?"

"நீ போ. எனக்கு டைப் இருக்கு."

அவன் படியிறங்கும் சத்தம் கேட்கும் வரை, பிறகு செம்மண் ரோட்டில் அவன் செருப்புச் சத்தம் தேயும் வரை, தாள் மாட்டாத மெஷினில் வேகவேகமாக அடித்துக்கொண்டே இருந்தேன்.